மலைப்பாதையில் தளர்ந்த மகிழுந்து

பேராக் மாநிலத்தில், ஈப்போ நகருக்குத் தெற்கே அமைந்துள்ள ஊர் சிம்பாங் பூலாய். சுண்ணாம்புக் குன்றுகளும் கல்லுடைப்புத் தளங்களும் சூழ்ந்த இவ்வூரிலிருந்து கம்போங் ராஜா வழியாகக் கேமரன் மலைக்கு ஒரு நெடுஞ்சாலை செல்கிறது. கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் தொடங்கும் பயணம், பிரிஞ்சாங்கை அடையும்போது ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தைத் தொட்டுவிடுகிறது. சமவெளியில் மறைந்திருக்கும் வாகனக் குறைகள் இந்த நீண்ட ஏற்றத்தில் வெளிப்பட்டுவிடும்.

மலேசியாவின் முதல் தேசிய மகிழுந்தான புரோட்டோன் சாகா, 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் அறிமுகமானது. தொடக்கக்கால சாகா ஒன்றில் 1.3 லிட்டர் இயந்திரமும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் கார்புரேட்டரும் இருந்தன. இன்றைய மகிழுந்துகளில் கோளாறு ஏற்பட்டால், கணினிக் கருவியை இணைத்து அதற்குரிய குறியீட்டைப் படிக்கலாம். பழைய சாகாவில் அந்த வசதி இல்லை. கண், காது, மூக்கு ஆகியவற்றோடு முறையான சிந்தனையும் சேர்ந்துதான் கோளாற்றைக் கண்டறிய வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழி காண்போம்.

இரவுச் சந்தையில் காய்கறி விற்கும் ஓர் இளைஞர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரம் இருமுறை கம்போங் ராஜாவுக்குச் சென்று காய்கறி வாங்கி வருவது அவர் வழக்கம். அவர் ஓட்டுவது, ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்த தந்தை விட்டுச்சென்ற பழைய சாகா. சில வாரங்களாக மலையேறும்போது அந்த மகிழுந்து வலுவிழக்கிறது. எரிவிசையை எவ்வளவு அழுத்தினாலும் வேகம் குறைந்துகொண்டே போகிறது. பின்னால் பாரம் ஏற்றிய லோரி ஒன்று வளைவில் திரும்பி வருகிறது. அதன் ஓட்டுநர் ஒலியெழுப்புகிறார். இளைஞரின் உள்ளங்கை வியர்க்கிறது. இது வெறும் தொல்லையன்று, உயிருக்கே ஆபத்து.

ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். "கார்புரேட்டரை மாற்று," என்றார் ஒருவர். "இயந்திரம் தேய்ந்துவிட்டது, முழுவதும் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும்," என்றார் இன்னொருவர். "பழைய வண்டி மலை ஏறினால் அப்படித்தான்," என்று மூன்றாமவர் கைவிரித்தார். இயந்திரத்தைப் புதுப்பித்தால் அவர் வியாபாரத்திற்கு வைத்திருக்கும் முதல் முழுவதும் கரைந்துவிடும். முடிவெடுக்க இயலாமல், அவர் ஊரிலுள்ள மூத்த பட்டறைக்காரர் ஒருவரிடம் சென்றார்.

பட்டறைக்காரர் உடனே கருவியை எடுக்கவில்லை. முதலில் கேள்விகள் கேட்டார்.

"ஏறத் தொடங்கியதுமே வலு குறைகிறதா, தம்பி?"

"இல்லை, அண்ணே. முதல் சில நிமிடங்கள் நன்றாகத்தான் ஏறும். பிறகுதான் திணறும்."

"அப்போது இயந்திரச் சத்தம் கூடுகிறதா, குறைகிறதா?"

"குறைகிறது. விட்டுவிட்டு இழுக்கிறது."

"நிறுத்தி வைத்தால்?"

"பத்து நிமிடம் நிறுத்தினால் மீண்டும் சரியாகிவிடுகிறது, அண்ணே. கொஞ்ச தூரம் போனதும் பழையபடி ஆகிவிடும்."

இந்த மூன்று விடைகளும் பாதி வேலையை முடித்துவிட்டன. இயந்திரச் சத்தம் கூடியும் வேகம் கூடாதிருந்தால், கிளட்ச் வழுக்குகிறது என்று ஐயப்படலாம். இங்கே சத்தமும் சேர்ந்தே குறைகிறது. ஆகவே, குறை இயந்திரத்தின் பக்கம்தான் இருக்க வேண்டும். எனினும் அவர் மகிழுந்தைத் தூக்கி நிறுத்தி, நான்கு சக்கரங்களையும் கையால் சுற்றிப் பார்த்தார். பிரேக் விடுபடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், நல்ல இயந்திரமும் வலுவிழந்ததுபோல் தோன்றும். சக்கரங்கள் தடையின்றிச் சுழன்றன.

மலைக்காற்றுதான் காரணமா? உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறையும். 1,500 மீட்டர் உயரத்தில் அது கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ 14 விழுக்காடு குறைவு. பெட்ரோல் எரியக் காற்று வேண்டும் என்பதால், அங்கே இயந்திரத்தின் வலுவும் ஓரளவு குறையத்தான் செய்யும். ஆனால், இளைஞரின் மகிழுந்து மலையடிவாரத்தைத் தாண்டிய சில நிமிடங்களிலேயே திணறியது. மேலும், பத்து நிமிடம் நின்றால் மலைக்காற்றின் அடர்த்தி கூடிவிடாது. எனவே, மூன்றாமவர் சொன்ன காரணம் பொருந்தவில்லை.

பெட்ரோல் இயந்திரம் வலுவோடு இயங்க நான்கு தேவைகள் நிறைவேற வேண்டும். போதிய காற்று, போதிய பெட்ரோல், சரியான நேரத்தில் தீப்பொறி, உருளைக்குள் நல்ல அழுத்தம் ஆகியவையே அவை. எரிந்த புகை தடையின்றி வெளியேறவும் வேண்டும். பட்டறைக்காரர் இவற்றை எளிதிலிருந்து கடினத்திற்கும், செலவு குறைந்ததிலிருந்து கூடியதற்கும் வரிசைப்படுத்திச் சோதித்தார்.

காற்று வடிகட்டியில் தூசி இருந்தது. ஆனால், அடைப்பு இல்லை. புகைக்குழாயிலிருந்து புகை சீராக வெளிவந்தது. அடுத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார். அவற்றின் முனை இளம்பழுப்பு நிறத்தில் இருந்தால் எரிதல் சரியாக நடக்கிறது என்று பொருள். கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. முழுமையாக எரிய, எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. இங்கே நான்கு பிளக்குகளும் வெளுத்திருந்தன. இயந்திரம் பசியோடு ஓடியிருக்கிறது.

பிளக்குகள் கழற்றப்பட்டிருந்தபோதே அழுத்தமானியைப் பொருத்தி நான்கு உருளைகளையும் அளந்தார். ஓர் உருளையில் மட்டும் அழுத்தம் குறைந்திருந்தால், அதில் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பார்கள். அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன எனலாம். உயராவிட்டால் வால்வுகளை ஐயுற வேண்டும். இங்கே அதற்குத் தேவையே ஏற்படவில்லை. நான்கு அளவுகளும் போதிய அளவில், ஏறத்தாழச் சமமாக இருந்தன. இயந்திரத்தைப் பிரிக்க வேண்டும் என்ற யோசனை அங்கேயே கைவிடப்பட்டது.

எஞ்சியது பெட்ரோல் வரும் வழி. இயந்திரம் நன்றாக ஆறிய பிறகு, தீப்பொறி உண்டாகாதவாறு மின்னிணைப்பைத் துண்டித்தார். பின்னர், கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயைக் கழற்றி ஒரு புட்டியில் விட்டு, இயந்திரத்தைச் சுழற்றச் சொன்னார். பீறிட்டு வரவேண்டிய பெட்ரோல் சொட்டுச் சொட்டாக வந்தது. பெட்ரோல் வடிகட்டியைக் கழற்றிக் கவிழ்த்தபோது செம்பழுப்பு நிறத் துகள்கள் கொட்டின.

மகிழுந்து முதலில் நன்றாக ஏறிப் பிறகு திணறியதற்குக் காரணம் இப்போது விளங்கியது. கார்புரேட்டரில் பெட்ரோலைத் தேக்கி வைக்கும் சிறு கிண்ணம் ஒன்று உண்டு. சமவெளியில் செலவு குறைவு என்பதால், அடைபட்ட வடிகட்டி வழியாகக் கசியும் பெட்ரோலே கிண்ணத்தை நிரப்பப் போதும். ஏற்றத்திலோ செலவு பலமடங்கு கூடுகிறது. நிரம்புவதைவிட விரைவாகக் கிண்ணம் வற்றிவிடுகிறது. வண்டியை நிறுத்தி வைக்கும்போது, வடிகட்டியில் ஒட்டிய துகள்கள் ஓரளவு கீழே படிந்து வழிவிடுகின்றன. மீண்டும் புறப்படும்போது பெட்ரோல் தடையின்றி வந்து கிண்ணத்தை நிரப்புகிறது. ஏறத் தொடங்கியதும் பழைய கதை தொடர்கிறது.

புதிய வடிகட்டியின் விலை சில ரிங்கிட்தான். இளைஞர் பெருமூச்சு விட்டுப் பணத்தை எடுத்தார். பட்டறைக்காரர் கையமர்த்தினார்.

"பொறு, தம்பி. வடிகட்டி அடைத்துக்கொண்டது என்று கண்டுபிடித்துவிட்டோம். அது ஏன் அடைத்துக்கொண்டது என்று இன்னும் பார்க்கவில்லையே! இந்த வண்டி நீண்டநாள் ஓடாமல் கிடந்ததா?"

இளைஞர் சற்று அமைதியாக இருந்தார். "ஆமாம், அண்ணே. அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது எட்டு மாதம் மரத்தடியில் நின்றது. யாருக்கும் அதைத் தொட மனம் வரவில்லை."

பெட்ரோல் தொட்டியில் பாதி காலியாக இருந்ததால், ஈரக்காற்று உள்ளே புகுந்தது. இரவுக் குளிர்ச்சியில் அந்த ஈரம் நீர்த்துளியாகி, இரும்புச் சுவரைத் துருப்பிடிக்கச் செய்தது. வடிகட்டியை மட்டும் மாற்றியிருந்தால், அதே துரு புதிய வடிகட்டியையும் அடைத்திருக்கும். மகிழுந்து மீண்டும் ஏதாவதொரு வளைவில் நின்றிருக்கும். ஆகவே, தொட்டியை இறக்கித் துருவை நீக்கிச் சுத்தப்படுத்திய பிறகே புதிய வடிகட்டி பொருத்தப்பட்டது.

அடுத்த பயணத்தில் மகிழுந்து திணறாமல் கம்போங் ராஜாவை அடைந்தது. உயரமான இடங்களில் மட்டும் இழுவை சற்றுக் குறைந்தது. அது குறையன்று, மலைக்காற்றின் இயல்பு என்பதை அறிந்திருந்ததால் இளைஞர் கவலைப்படவில்லை. கியரைக் குறைத்து, இடப்பக்கமாக நிதானமாக ஏறினார்.

திருக்குறளில், 'மருந்து' என்னும் அதிகாரத்தில், பிணி இன்னதென்று அறிவதோடு நில்லாமல் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்கிறார் திருவள்ளுவர். இயந்திரத்திற்கும் இது பொருந்தும். வலுவிழப்பு என்பது அறிகுறி. அடைபட்ட வடிகட்டி காரணம். தொட்டியிலுள்ள துரு அக்காரணத்திற்கும் காரணம். அறிகுறியைக் கண்டதும் பொருளை மாற்றுபவர் ஊகிக்கிறார். கேட்டு, அளந்து, ஒவ்வொன்றாக விலக்கிச் செல்பவரே கண்டறிகிறார். வாகனத் தொழில்நுட்பம் பயில விரும்பும் மாணவர்கள் கருவிகளைக் கையாளும் முன் கற்க வேண்டிய முதல் பாடம் இதுவே. பெட்ரோல் எளிதில் தீப்பற்றும் என்பதால், இத்தகைய சோதனைகளைப் பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில் மட்டுமே செய்ய வேண்டும்.

கருத்துணர் கேள்விகள்

1. பட்டறைக்காரர் கேட்ட மூன்று கேள்விகளின் நோக்கம் யாது?
2. மலைக்காற்று இக்கோளாற்றுக்குக் காரணமன்று என்பதற்குரிய இரண்டு சான்றுகளை எழுதுக.
3. மகிழுந்து சமவெளியில் நன்றாக ஓடியும் ஏற்றத்தில் திணறியது ஏன்? விளக்குக.
4. 'காரணத்திற்கும் காரணம்' என்னும் தொடர் இப்பகுதியில் எதைக் குறிக்கிறது?
5. உம் அன்றாட வாழ்வில், ஊகத்தைத் தவிர்த்து மூலகாரணத்தைக் கண்டறிய வேண்டிய ஒரு சூழலை விவரித்து எழுதுக.