வண்டலூரில் பிறந்த ஹெரால்டு

கேள்வி: பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் நம் பக்கத்துச் சாலைகளில் இன்னும் கண்ணில் படுமா? – வாசகர், இராஜபாளையம்

பதில்: எம்.ஜி., டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் போன்றவற்றைப் பழங்கார் அணிவகுப்புகளில்தான் எதிர்பார்க்கலாம். ஆனால் ஸ்பிட்ஃபயரின் உடன்பிறப்பு ஒன்று தமிழ்நாட்டிலேயே தயாரானது: ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் செய்தார்கள். இதன் மூல வடிவம், 1959இல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ஃப் ஹெரால்டு. அதன் சேஸியைக் குறுக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயரை உருவாக்கினார்கள். இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி.

மதுரை–செங்கோட்டைச் சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி ஒரு பழைய கார் நிற்கிறதா? பானெட்டைத் திறக்கும்போது கவனியுங்கள். ஹெரால்டு என்றால், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுவதுமே முன்னோக்கிச் சாயும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து எஞ்சினில் கை வைக்கலாம். ஸ்பிட்ஃபயரிலும் இதே அமைப்புதான். திருப்புவதற்கும் சிறிய இடம் போதும். அந்தக் காலத்தில் இந்தியச் சாலைகளில் ஓடிய கார்களில் ஹெரால்டுதான் அழகு என்பேன்.

இப்படிப்பட்ட, ஐம்பது ஆண்டு தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டிகளை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு ஓட்டலாம். அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை.

உங்கள் உறவினர் வீட்டுக் கொட்டகையில் ஹெரால்டு ஏதும் தூசி படிந்து கிடந்தால், தயவுசெய்து காயலான் கடைக்குப் போட விடாதீர்கள்.