மொய் நோட்டும் துஷ்டி வீடும்

சேத்தூர்

பிரியமுள்ள பாப்பாவுக்கு, பெரியப்பா எழுதுவது.

நீ உங்க அம்மாவிடம் போனில் பேசியது என் காதிலும் விழுந்தது. "கல்யாண வீட்டு வாசல்ல மேசை போட்டு வசூல் பண்றது எனக்குப் பிடிக்கலை, ஜிபேல போட்டுவிடுறேன், ஆளை விடுங்க" என்றாய். கோபமில்லை தங்கம். மொய் மேசையை நீ எங்கே பார்த்திருக்கிறாய்? சின்ன வயதிலிருந்தே ஐஸ்கிரீம் கொடுக்கிற பக்கம்தானே நிற்பாய்.

அடுத்த விசேஷத்தில் கால்மணி நேரம் அந்த மேசையருகே நின்று பார். ஒருவர் நோட்டில் எழுதுவார், ஒருவர் எண்ணி வாங்கிப் பைக்குள் போடுவார். பெயருக்கு முன்னால் ஊர் வரும்: தேவதானம், முகவூர், தளவாய்புரம், சொக்கநாதன்புத்தூர். 500 கொடுக்க வந்தவரும் பையைத் துழாவி ஒரு ரூபாய் சேர்த்து 501 என்றுதான் எழுதச் சொல்வார். இதற்குப் பத்திரம் கிடையாது, சாட்சிக் கையெழுத்து கிடையாது. திரும்பி வராவிட்டால் எந்தக் கோர்ட்டிலும் கேட்க முடியாது. ஆனாலும் பத்து வருஷம் கழித்துக்கூடப் பணம் வந்து சேருகிறது. கையில் காசில்லாத குடும்பம் ஒரே நாளில் பந்தலும் சாப்பாடும் போட்டு நிமிர்வது அந்த மேசையால்தான்.

அந்தப் பணம் ஏன் திரும்பி வருகிறது என்பதற்கு ஆட்டக் கோட்பாட்டில் நல்ல விளக்கம் உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் ஆக்சல்ராட் ஒரு போட்டி வைத்தார். இரண்டு பேர் திரும்பத் திரும்பச் சந்திக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒத்துப்போகலாம், ஏமாற்றவும் செய்யலாம். எப்படி ஆடினால் லாபம் என்று கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதி அனுப்பச் சொன்னார். முதல் சுற்றுக்கு 14 வந்தன, அடுத்ததற்கு 62. இரண்டிலும் ஜெயித்தது அனடோல் ராப்போபோர்ட் அனுப்பிய மிகச் சின்ன புரோகிராம். முதலில் நல்லபடியாக நடந்துகொள்ளும். அப்புறம் எதிராளி போன தடவை செய்ததைத் தானும் செய்யும். 1984இல் ஆக்சல்ராட் இதையெல்லாம் புத்தகமாகவே எழுதினார்.

மொய்யும் இதே கணக்குதான். அந்தப் புரோகிராமில் எனக்குப் பிடித்தது, அது மனசில் எதையும் வைத்துக்கொள்வதில்லை. எதிராளி திருந்திவிட்டால் அடுத்த ஆட்டத்திலேயே இதுவும் பழசை விட்டுவிடும். நீயும் அப்படி இரு. ஒருவர் குறைத்து எழுதினால் மில்லில் வேலை போயிருக்கலாம், கிணற்றில் தண்ணீர் வற்றியிருக்கலாம். இந்தச் சின்ன விஷயத்துக்காக வருஷக்கணக்கில் பேசாமல் இருக்கிற சொந்தங்களை நீயே பார்த்திருக்கிறாய்.

ஆனால் திரும்பச் சந்திப்போம் என்ற நிச்சயம் இருந்தால்தான் இந்த ஆட்டம் நடக்கும். நம்ம ஊரில் பஸ் ஸ்டாண்டிலோ கோயில் வாசலிலோ எதிரே வந்துதானே ஆக வேண்டும்! உன் அபார்ட்மெண்டில் எதிர்வீட்டுக்காரர் யாரென்றே தெரியாது என்றாயே, எனக்கு உண்மையில் அதுதான் கவலை. கடைசிப் பெண்ணையும் கட்டிக்கொடுத்து, இனி விசேஷமே இல்லை என்கிற வீட்டிலும் இதே சிக்கல் வரும். பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்தில் அதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். கல்யாணம் காட்சி இல்லாவிட்டாலும் ஆடி மாதம் மொய் விருந்து போடுவார்கள். ஒரு வீட்டுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை. ஆட்டம் முடியவே முடியாதபடி பார்த்துக்கொண்டார்கள். எவ்வளவு யோசித்திருக்க வேண்டும்!

இதற்குள் வீம்பு புகுந்தால்தான் கெடுதல். ஒருவர் தாய்மாமன் சீரை வேனில் கொண்டுவந்தால் அடுத்தவர் லாரியில் மேளத்தோடு வருகிறார். கடைசியில் எல்லாருக்கும் செலவுதான் ஏறுகிறது, மதிப்பு அதே இடத்தில் நிற்கிறது. வட்டிக்கு வாங்கி மட்டும் எழுதாதே பாப்பா. முடிந்ததை எழுது, ஆனால் விட்டுப்போகாமல் எழுது.

ஜிபேயில் போட்டுவிடுகிறேன் என்றாயே, அதற்கு வருகிறேன். மைக்கேல் ஸ்பென்ஸ் என்று ஒரு பொருளாதார அறிஞர், 2001இல் நோபல் வாங்கியவர். 1973இல் அவர் எழுதியது இது: நான் இப்படிப்பட்டவன் என்று ஒருவர் காட்டுவதை மற்றவர் நம்ப வேண்டுமென்றால், போலிக்கு அதைச் செய்வது கஷ்டமாக இருக்க வேண்டும். ஜிபேயில் 5,000 அனுப்ப உனக்கு அரை நிமிஷம். அக்கறை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் அதே அரை நிமிஷம்தான். நேரில் வந்து நிற்பது அப்படியில்லை.

உன் அப்பத்தா இறந்த அன்று ஐப்பசி மழை கொட்டியது. தேவதானத்திலிருந்து ஒருவர் பஞ்சரான சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். நம் வீட்டு விசேஷங்களில் அவர் எழுதியதெல்லாம் சின்னத் தொகைதான். வந்தவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பந்தல் தார்ப்பாய் காற்றில் பிய்த்துக்கொண்டு அடிப்பதைப் பார்த்து, ஈரவேட்டியோடு பெஞ்சில் ஏறி இழுத்துக் கட்டினார். அவர் பேத்தி காதுகுத்துக்கு உங்க அப்பா லீவு போட்டுக்கொண்டு ஓடியதற்கு நீ சிரித்தாயே, காரணம் இதுதான்.

உன் கூட வேலை பார்க்கிற பிள்ளையின் அப்பா தவறிவிட்டார், வாட்ஸ்அப்பில் கைகூப்புகிற படம் அனுப்பினேன் என்றாய். அவளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்தானே? பதினாறு முடிவதற்குள் நேரில் போய்விடு. வெள்ளிக்கிழமை ராத்திரி பொதிகை ரயிலில் ஏறினால் விடிகாலையில் இறங்கிவிடலாம். பேச்சு வராவிட்டால் பரவாயில்லை, அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திரு. கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லாதே. துஷ்டி வீட்டில் சொல்லாமல்தான் எழுந்து வர வேண்டும். திரும்பும்போது பால்கோவா கடைப் பக்கம் போய்விடாதே, அதை இன்னொரு நாள் வாங்கிக்கொள்ளலாம். ராஜபாளையத்தில் பஸ் மாறி நேரே இங்கே வா. குளிக்க வெந்நீர் போட்டு வைக்கச் சொல்கிறேன். குளித்த பிறகுதான் சாப்பாடு.

அன்புடன்,
பெரியப்பா