கடலுக்கு ஒரு மூடி

கேள்வி: 1950லேயே கணினியில் வானிலையைக் கணித்தார்கள். கடல் நீரோட்டத்துக்கு மட்டும் ஏன் அத்தனை தாமதம்?

பதில்: வானிலை அமைப்புகள் ஆயிரம் கிலோமீட்டர் அளவுக்குப் பரந்தவை. கடற்சுழல்களோ பெரும்பாலும் நூறு கிலோமீட்டர்தான். அவற்றைப் பிடிக்கக் கடலை மிக நெருக்கமான கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும். போதாததற்கு, சுனாமி போன்ற நெடிய அலைகள் ஆழ்கடலில் நொடிக்குச் சுமார் 200 மீட்டர் பாயும். அவற்றை விடாமல் துரத்தினால் அன்றைய கணினிகள் திணறிவிடும். அமெரிக்காவின் கிர்க் பிரையன் 1969இல் வெளியிட்ட கணினி மாதிரியில், கடலின்மேல் அசையாத மூடி இருப்பதாகவே வைத்துக்கொண்டார்! வேக அலை ஒழிந்தது, நீரோட்டம் மிஞ்சியது. துணிச்சலான பொய்தான், எனக்குப் பிடித்த பொய். ஆனால் முன்கணிப்புக்கு அன்றாட அளவீடுகளும் வேண்டுமே? 1992இல் ஏவிய டோபெக்ஸ்-போசைடன் செயற்கைக்கோளும் பிறகு வந்த ஆர்கோ மிதவைகளும்தான் அதற்கு வழிசெய்தன.