எந்த வேலையைச் சேர்ப்பது, எதை விடுவது

தோட்டம் அமைத்துத் தரும் தொழிலில், "அதையும் நீங்களே செஞ்சு குடுத்துடுங்களேன்" என்று வாடிக்கையாளர் கேட்காத சைட்டே கிடையாது. புல்தரை போடப் போனால் பேவர் பிளாக் கேட்பார்கள். செடி வைக்கப் போனால் பெர்கோலா, மீன் குளம், மாடித் தோட்டம், சுவர்த் தோட்டம் என்று பேச்சு நீளும். சென்னையில் ஈ.சி.ஆர்., ஓ.எம்.ஆர். பக்கம் பல வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஒரு காலத்தில் இவை எல்லாமே எங்கள் கொட்டேஷனில் இருந்தன. இன்று பாதிதான் இருக்கிறது. ஆனால் வருமானம் குறையவில்லை.

ஒரு வேலையைச் சேர்க்கலாமா என்று யோசிக்கும்போது லாபத்தை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். வேலை முடிந்து பணம் வாங்கிய பிறகு போன் எதற்கு வரும், வந்தால் யார் போய்ச் சரி செய்வார் என்பதுதான் முதல் கேள்வி. சுவர்த் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல லாபம். ஆனால் ஒவ்வொரு செடிக்கும் கிடைப்பது ஒரு கைப்பிடி கோகோபீட்தான். அதன் உயிர் முழுக்க மோட்டாரிலும் டைமரிலும் இருக்கிறது. கடலோரத்தில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அந்த உப்பு டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும். சித்திரை வெயிலில் மேல் வரிசை ஓரிரு நாளில் கருகும். கீழ் வரிசையிலோ வடிந்த தண்ணீர் தேங்கி வேர் அழுகும். அதுவும் வீட்டு வாசலிலேயே, வருகிறவர் போகிறவர் கண்ணில் படுகிற இடத்தில். தினமும் ஆள் போய்ப் பார்க்க முடிந்தால்தான் அந்த வேலையை எடுக்க வேண்டும். எங்களால் முடியாது, விட்டுவிட்டோம்.

அதே சமயம், தரையில் சொட்டு நீர்க் குழாய் போடுவதைச் சேர்த்துக்கொண்டோம். அதிலும் அடைப்பு வரும். ஆனால் மண்ணில் ஈரம் நிற்பதால் செடி சில நாள் தாங்கும். அதற்குள் பராமரிப்புக்கு வாராவாரம் போகும் எங்கள் ஆட்களே ஃபில்டரைக் கழற்றிக் கழுவிவிடுவார்கள். தனியாக ஒரு நடை வேண்டாம்.

பேவர் பிளாக், பெர்கோலா இரண்டையும் கைவிட்டதற்குக் காரணம் வேறு. கொத்தனார் ஒரு நாள் வராமல் போனால் நடவு தள்ளிப்போகும், ஆந்திராவின் கடியம் நர்சரியிலிருந்து இறங்கிய செடி லோடு வெயிலில் கிடக்கும். இப்போது தெரிந்த மேஸ்திரியை வாடிக்கையாளரிடம் அறிமுகம் செய்வதோடு சரி. பில் அவர்களுக்குள். கமிஷன் வாங்குவதில்லை, வாங்கினால் பொறுப்பும் நம் தலையில் வரும்.

மழைக்கு முன் கிளை கழிப்பது நாங்கள் விரும்பிச் சேர்த்த வேலை. 2016 டிசம்பரில் வர்தா புயலில் நகரமெங்கும் மரங்கள் சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு அதன் தேவையைச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் புது வேலை அநேகமாக நின்றுவிடும்; ஆனால் சனிக்கிழமை கூலி நிற்காது. ஆவணி, புரட்டாசியில் வரும் கிளை கழிக்கும் பணம் அந்த இரண்டு மாதத்தைத் தாங்குகிறது. ஏணி எட்டும் உயரம் வரைதான் ஏறுவோம். அதற்கு மேல் கயிறு, பெல்ட்டோடு ஏறத் தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. ஆள் உயிரோடு விளையாடக் கூடாது.

பலர் வேலைகளைக் குறைப்பது பற்றி மட்டுமே யோசிக்கிறார்கள். தூரத்தைக் குறைப்பதைத்தான் நான் முதலில் சொல்வேன். அம்பத்தூரில் ஒரு வீட்டுப் பராமரிப்புக்கு நீலாங்கரைக் கட்டணமேதான் கிடைக்கும். ஆனால் இரண்டு பேரும் புல்வெட்டியும் குட்டி யானை வண்டியில் டிராஃபிக்கில் நிற்கும் நேரத்தில், நீலாங்கரையில் மூன்று வீடு முடித்துவிடலாம். திருவான்மியூரிலிருந்து கேளம்பாக்கம் வரைதான் என்று எல்லை போட்ட பிறகுதான் ஆட்கள் மாலையில் நேரத்துக்கு வீடு போய்ச் சேர்கிறார்கள்.

மாமர நிழலில் கொரியன் புல் கேட்டால் மறுத்துவிடுவேன். நல்ல வெயில் இல்லாமல் அது சொட்டையாகிவிடும். பணம் தருகிறேன் என்றாலும் செத்துப்போகப் போகிற புல்லைப் பதிக்க மனசு வராது.

இப்போது மனதில் இருப்பது, சைட்டுகளில் சேரும் இலைச் சருகை அந்தந்த வீட்டிலேயே மக்க வைத்து உரமாக்கித் தருவது. பழைய வாடிக்கையாளர்கள் சிலரிடம் மட்டும் இந்த வருடம் செய்து பார்க்கிறோம். ஒரு மழைக்காலம் தாண்டட்டும். நாற்றம், பூச்சி என்று புகார் வராமல் இருந்து, ஆட்களும் கூடுதல் சுமை என்று நினைக்காவிட்டால் கொட்டேஷனில் ஏற்றுவோம்.