உள்ளே போகும் முன் எங்களிடம் சொல்லிவிடுங்கள்

"இதுல ரேடியேஷன் ரொம்ப இருக்குங்களா?" எம்.ஆர்.ஐ. எடுக்க வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். கோவையில் ஸ்கேன் டெக்னீஷியனாகச் சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை இந்தக் கேள்வி மாறவில்லை. எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும் இருக்கும் அயனியாக்கும் கதிர்வீச்சு இதில் துளியும் கிடையாது என்று சொன்னதும் முகம் தெளிந்துவிடும். பயம் போன வேகத்தில், அடுத்து நான் கேட்கிற எல்லாவற்றுக்கும் "இல்லீங்க, இல்லீங்க" என்று பதில் வரும். எனக்குக் கவலை தொடங்குவது அங்கேதான். இந்த ஸ்கேனில் இல்லாத ஆபத்துக்கு மக்கள் பயப்படுகிறார்கள். இருக்கிற ஆபத்தோ பெரும்பாலும் உடம்போடு கொண்டுவரும் பொருளிலும், சொல்லாமல் விட்ட பழைய சிகிச்சையிலும் இருக்கிறது.

எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் உடம்பின்மேல் மூன்று விஷயங்கள் வேலை செய்கின்றன. முதலாவது, ஓயாமல் இருக்கும் காந்தப்புலம். நம் ஊர்களில் பரவலாக உள்ளவை 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா கருவிகள். 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைவிட ஏறக்குறைய 30,000 மடங்கு. இரண்டாவது, படம் எடுக்கும்போது மட்டும் நொடிக்குப் பல நூறு முறை மாறிக்கொண்டே இருக்கும் சிறு காந்தப்புலங்கள். 'டக டக' என்று காதைப் பிளக்கும் சத்தம் அவற்றிலிருந்து வருவதுதான். மூன்றாவது, ரேடியோ அலை. 1.5 டெஸ்லாவில் அதன் அதிர்வெண் ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவில் 128. நாம் கேட்கும் எஃப்.எம். வானொலி இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. இது மரபணுவை உடைக்காது. ஆனால் உடம்பைச் சூடாக்கும்.

இவை மனித உடம்பை என்ன செய்யும் என்ற கேள்வி இந்தக் கருவி பிறந்த நாளிலேயே எழுந்தது. 1978-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டு முழு உடல் ஸ்கேனரைச் சோதித்தபோது, மாறும் காந்தப்புலம் இதயத் துடிப்பைக் குலைத்துவிடலாம் என்று எச்சரிக்கை வந்திருந்தது. அவர் வேறு யாரையும் அனுப்பவில்லை, தானே உள்ளே போனார். ஒன்றும் ஆகவில்லை. 2003-ல் பால் லாட்டர்பருடன் சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் தானே உள்ளே போன அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் என் வேலைமீது எனக்கு மரியாதை கூடுகிறது.

சில உணர்வுகள் இயல்பானவை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். மேசை உள்ளே நகரும்போது, முக்கியமாக 3 டெஸ்லாவில், சிலருக்குத் தலை சுற்றும். உட்காதில் உள்ள திரவத்தில் ஓடும் மெல்லிய மின்னோட்டத்தைக் காந்தம் தள்ளுவதால் வருவது அது. வாயில் உலோகச் சுவை தட்டுவதாகச் சொல்பவர்களும் உண்டு. தலையைச் சட்டென்று திருப்பாமல் இருந்தால் இரண்டும் குறைந்துவிடும். முதுகிலோ கையிலோ சுருக்கென்று துடித்தால், மாறும் காந்தப்புலம் நரம்பைத் தூண்டுகிறது என்று அர்த்தம். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் வலிக்கும் அளவுக்குப் போனால் பொறுத்துக்கொள்ளாதீர்கள், கையில் கொடுத்திருக்கும் பஸ்ஸரை அழுத்துங்கள். சத்தம் சில ஸ்கேன்களில் 100 டெசிபலைத் தாண்டும். காதில் வைக்கும் பஞ்சு பிளக்கை மெல்லியதாக உருட்டி, மற்றொரு கையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்து, உள்ளே செருகி, அது விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். வாசலில் ஒட்டிவைத்த பிளக் ஒரு சத்தத்தையும் தடுக்காது.

சூடு பற்றி யாரும் கேட்பதில்லை. எம்.ஆர்.ஐ.யில் பதிவாகும் காயங்களில் அதிகம் தீக்காயங்கள்தான். "எடை எவ்வளவு?" என்று கேட்பது எதற்கென்று பலருக்குத் தெரியாது. ஒரு கிலோ உடம்புக்கு எத்தனை வாட் ரேடியோ ஆற்றல் போகலாம் என்பதை நீங்கள் சொல்லும் எடையை வைத்துத்தான் கருவி கணக்கிடுகிறது. வழக்கமான ஸ்கேனில் உடம்பு முழுவதற்குமான சராசரி வரம்பு கிலோவுக்கு 2 வாட். கூச்சத்தால் எடையைக் கூட்டியோ குறைத்தோ சொல்ல வேண்டாம். சந்தேகமாக இருந்தால் அங்கேயே ஏறி நின்று பார்த்துவிடலாம். காய்ச்சல் இருந்தாலும் சொல்லுங்கள். வெப்பத்தை வெளியேற்ற உடம்பு ஏற்கெனவே பாடுபட்டுக்கொண்டிருக்கும்.

பயந்துபோன நம்மூர் ஆட்கள் உள்ளே போனதும் கையைக் கூப்பிக்கொள்வார்கள், அல்லது விரல்களைக் கோத்து வயிற்றின்மேல் வைத்துக்கொள்வார்கள். தொடை இரண்டும் ஒட்டியிருக்கும். ரேடியோ அலைக்கு அது ஒரு மூடிய மின்சுற்று. தோலும் தோலும் தொடும் சின்ன இடத்தில் மின்னோட்டம் குவிந்து கொப்புளம் வரும்வரை சுடலாம். அதனால்தான் கையைப் பிரித்துப் பக்கவாட்டில் வைக்கச் சொல்கிறோம், தொடைகளுக்கு நடுவே துணியோ பஞ்சு மெத்தையோ செருகுகிறோம். மனசுக்குள் கும்பிடுங்கள் என்று சொல்லி, கையையும் தொடையையும் பிரித்துவைக்காமல் நான் மேசையை உள்ளே அனுப்புவதில்லை. ஈ.சி.ஜி. ஒயர் சுருண்டு தோலில் படுத்திருந்தாலும் இதே கதிதான். மூக்குப் பகுதியில் கம்பி வைத்த முகக்கவசத்தால் முகம் சுட்டதைப் பார்த்து, 2020 டிசம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. எச்சரிக்கையே வெளியிட்டது. வியர்வை நாற்றம் வராமலிருக்க வெள்ளி இழை கலந்த விளையாட்டு பனியன்கள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. பார்த்தால் சாதாரணத் துணிதான். ஜரிகைப் புடவையும் அப்படியே. மையம் கொடுக்கும் கவுனுக்கு மாறச் சொன்னால் தயவுசெய்து மாறிவிடுங்கள்.

தாலியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்பது உண்மை. ஆனால் தாலிக்கொடியில் நம் அம்மாக்கள் கோத்து வைத்திருக்கும் ஊக்கை இழுக்கும். அவசரத்துக்கு உதவுமே என்று இரண்டு மூன்று சேர்த்து மாட்டியிருப்பார்கள். தங்கமாகவே இருந்தாலும் ரேடியோ அலையில் அது சூடேறலாம், கழுத்தெலும்புப் படத்தைக் கறுப்பாக்கும். கழற்றச் சொன்னதும் கண் கலங்கும் பெண்களிடம் "ரூல்ஸ்" என்று அதட்டினால் வேலை நடக்காது. "கண்ணு, நான் அம்பது வருசமா இதைக் கழட்டுனதில்ல" என்று ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் செய்வதுபோல, மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கட்டி அணிந்துகொண்டு, தாலியை மகளிடம் கொடுத்தார். அன்றிலிருந்து, நாள் குறிக்கும்போதே போனில் இதைச் சொல்லிவிடச் சொல்லியிருக்கிறேன். வீட்டிலேயே நிதானமாக மாற்றிக்கொண்டு வருகிறார்கள். மெட்டி, மூக்குத்தி, சடை மாட்டி, ஜாக்கெட் ஹூக், ஆண்களின் அரைஞாண், குழந்தையின் இடுப்பில் உள்ள தாயத்து எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். இறுகிப்போன மூக்குத்தியை ஸ்கேன் அன்று காலையில் திருகிக்கொண்டிருக்காமல் முந்தின நாளே தட்டாரிடம் காட்டிவிடுங்கள்.

லேத், வெல்டிங், கிரைண்டிங், ஃபவுண்டரி வேலை நிறைந்த ஊர் எங்களுடையது. அதனால் நான் கூடுதலாக ஒன்று கேட்பேன்: "கண்ணுல எப்பவாவது இரும்புத் தூள் விழுந்திருக்குதுங்களா?" பத்து வருடத்துக்கு முன் டாக்டர் எடுத்துவிட்டார் என்று பதில் வந்தாலும் விடுவதில்லை. தகடு வேலை செய்த ஒருவரின் கண்ணில் தங்கியிருந்த துணுக்கு, ஸ்கேனின்போது நகர்ந்து பார்வையைப் பறித்ததை 1986-லேயே அமெரிக்க மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். உறுதியாகத் தெரியாவிட்டால் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே, பிறகுதான் எம்.ஆர்.ஐ. இலங்கைப் போரில் ஷெல் துண்டு உடம்பில் தங்கிப்போனவர்கள், ஏர்கன் குண்டு பட்டவர்கள் எல்லாரும் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

உடம்புக்குள் வைத்த கருவி என்றால் பெயரும் மாடலும் வேண்டும். பழைய பேஸ்மேக்கர் பல எம்.ஆர்.ஐ.க்கு ஆகாது. 2011-க்குப் பிறகு, நிபந்தனைகளோடு ஸ்கேன் செய்யத்தக்க பேஸ்மேக்கர்கள் பரவலாகிவிட்டன. அவற்றை ஸ்கேனுக்கு முன் தனி நிலைக்கு மாற்றி, முடிந்ததும் மறக்காமல் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். காதுக்குள் வைத்த காக்ளியர் கருவியில் காந்தம் இருக்கும். மூளையின் ரத்தக்குழாயில் போட்ட பழைய கிளிப் காந்தத்தில் திரும்பி உயிரே போயிருக்கிறது. மாறாக, இதய ஸ்டென்ட், டைட்டானியம் தகடு, காப்பர்-டி, பல் அடைப்பு இவற்றுக்காகப் பயந்து ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் செய்த மருத்துவமனை கொடுத்த சின்ன அட்டையைப் பலர் பீரோவில் பத்திரமாகப் பூட்டிவைக்கிறார்கள். அதைப் போட்டோ எடுத்து மகன், மகள் போனில் போட்டுவையுங்கள். நினைவில்லாமல் ஆம்புலன்ஸில் வருகிறவருக்காக எங்களால் கேட்க முடிவது அவர்களிடம்தான்.

துணைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரன்ட் போனாலும், ஸ்கேன் ஓடாவிட்டாலும், நள்ளிரவிலும் காந்தம் அணைவதில்லை. மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் இருக்கும் திரவ ஹீலியத்தில் கிடக்கும் மீகடத்திச் சுருள் அது. 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில், உறவினர் ஒருவரின் ஸ்கேனுக்குத் துணையாக வந்த 32 வயது இளைஞர் ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே இழுக்கப்பட்டு இறந்துபோனார். கருவி ஓடவில்லை என்று ஊழியர் சொன்னதை நம்பித்தான் போனார் என்று குடும்பத்தார் சொன்னார்கள். 2025 ஜூலையில் நியூயார்க் லாங் ஐலண்டில், படுத்திருந்த மனைவியை எழுப்ப உள்ளே போன 61 வயதுக்காரரைக் கழுத்தில் கிடந்த கனத்த இரும்புச் சங்கிலி இழுத்துப் போட்டது. அவரும் பிழைக்கவில்லை. இரண்டு பேரும் உதவி செய்யப் போனவர்கள். அதுதான் என்னை உறுத்துகிறது. வாசலில் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. இன்னும் இரண்டு எட்டு வைத்தால் இழுவை பல மடங்காகிவிடும், கையால் பிடித்து நிறுத்த முடியாது. நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், தரை துடைக்க வந்தவரின் வாளி கையிலிருந்து பறந்து குழாயில் போய் மோதியதை நேரில் பார்த்திருக்கிறேன். உங்கள் ஆள் உள்ளிருந்து கூப்பிட்டாலும் எங்களைக் கேட்காமல் கதவைத் தாண்டாதீர்கள். சக்கர நாற்காலி, ஸ்ட்ரெச்சர், சிலிண்டர் எதுவாக இருந்தாலும் வெளியே வையுங்கள். காந்தத்துக்கு ஒத்துவரும் ஸ்ட்ரெச்சர் எங்களிடம் தனியாக இருக்கிறது.

கான்ட்ராஸ்ட் ஊசி போட வேண்டும் என்றால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட் கேட்போம். ஊசியில் இருப்பது கடோலினியம். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குப் பழைய வகை மருந்துகளால் தோலும் தசையும் இறுகும் நோய் வருவது 2006-ல் தெரிய வந்தது. பிறகு மருந்தும் மாறியது, எச்சரிக்கையும் கூடியது. அந்த நோய் இப்போது மிக அரிது. திரும்பத் திரும்பப் போட்டவர்களின் மூளையில் துளி அளவில் கடோலினியம் தங்குவதை 2014-ல் ஜப்பானிய மருத்துவர்கள் காட்டினார்கள். அதனால் கெடுதல் என்று நிரூபணமாகவில்லை. இருந்தும் 2017-ல் ஐரோப்பிய மருந்து முகமை பழைய வகைகள் சிலவற்றை நிறுத்திவைத்தது. வருடாவருடம் ஸ்கேன் எடுக்கிறவர்கள், "இந்தத் தடவையும் ஊசி வேணுங்களா?" என்று மருத்துவரிடம் கேட்பது முழு நியாயம். கர்ப்பிணிகளுக்கு, தேவை இருந்தால், ஊசியில்லாத எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். ஊசியைத் தவிர்ப்பதே வழக்கம். நாள் தள்ளிப்போயிருந்தால் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள், வெட்கம் வேண்டாம்.

குறுகலான இடம் என்றால் மூச்சு முட்டுகிறவர்களுக்கு என் அனுபவத்தில் உதவுவது ஒன்று உண்டு. மேசை நகர்வதற்கு முன்பே கண்ணைத் துணியால் மூடிவிட்டு, முடியும்வரை திறக்காமல் இருப்பது. வீட்டு ஆள் ஒருவர், உலோகம் எதுவும் இல்லை என்று நாங்கள் சரிபார்த்த பிறகு, காதையும் மூடிக்கொண்டு கால்மாட்டில் நின்று பாதத்தைப் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

முடிந்ததும் உடனே குதித்து இறங்காமல் சற்று உட்கார்ந்திருந்து எழுந்திருங்கள். அன்று மாலைக்குள் தொடையிலோ கையிலோ தோல் சிவந்தாலோ கொப்புளித்தாலோ ஸ்கேன் மையத்துக்கு அன்றைக்கே போன் செய்து சொல்லி, அந்த இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஸ்கேனின் எந்தக் கட்டத்தில் எவ்வளவு ஆற்றல் போனது என்ற பதிவு கருவியில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் அடுத்து வருகிறவரை எப்படிப் படுக்கவைப்பது என்று எங்களால் திருத்திக்கொள்ள முடியும்.