நீச்சல் குளமும் குளோரினும்

பளிங்கு போல் தெளிந்த நீச்சல் குளத்தைக் கண்டதும் குதித்து விளையாட நம் உள்ளம் துள்ளுகிறது. ஆனால் தெளிந்த நீரெல்லாம் தூய நீர் ஆகிவிடாது. பலரும் இறங்கும் குளத்தில் வயிற்றுப்போக்கு, கண்நோய் முதலியவற்றின் கிருமிகள் பரவக்கூடும். அவற்றை அழிக்கவே குளோரின் சேர்க்கிறோம்.

1774-இல் ஷீலே என்ற விஞ்ஞானி குளோரினைத் தயாரித்தார். அது ஒரு தனிமம் என்று 1810-இல் அறிவித்த ஹம்ப்ரி டேவி, அதன் பசுமஞ்சள் நிறம் பற்றி அப்பெயரைச் சூட்டினார். இன்று அது பல உருவங்களில் கிடைக்கிறது. எதை இட்டாலும் நீரில் ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகிறது. கிருமியைக் கொல்வது அதுவே. வேற்றுமை, வீரியத்திலும் குளத்தில் தங்கும் எச்சத்திலும்தான்.

ஒரு லட்சம் லிட்டர் நீருள்ள குளத்தை எடுத்துக்கொள்வோம். பத்து லட்சம் பங்கு நீருக்கு 2 பங்கு வீதம் சேர்க்க, 200 கிராம் குளோரின் வேண்டும்.

1. வாயு: 200 கிராமே போதும். ஆனால் இது காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமான நச்சு வாயு. பயிற்சி பெற்றவரே கையாளலாம்.

2. பிளீச்சிங் பவுடர் (வீரியம் 30 சதவீதம்): சுமார் 670 கிராம். சுண்ணாம்பு மிகுதி, கரைத்துத் தெளியவைத்து, மேல்நீரை மட்டும் ஊற்ற வேண்டும்.

3. கால்சியம் ஹைப்போகுளோரைட் (65 சதவீதம்): சுமார் 310 கிராம். நீரின் கடினத்தன்மை கூடும்.

4. சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் (10 சதவீதம்): 2 லிட்டர். வெயிலிலும் வெப்பத்திலும் வீரியம் குறையும்.

5. டிரைகுளோர் மாத்திரை (90 சதவீதம்): சுமார் 220 கிராம். மெல்லக் கரையும். இது விட்டுச் செல்லும் ஸயனூரிக் அமிலம் குளோரினை வெயிலிலிருந்து காக்கும். மிகுந்தாலோ கிருமியைக் கொல்லும் வேகத்தைக் குறைத்துவிடும்.

முதலாவதும் ஐந்தாவதும் நீரின் அமிலத் தன்மையைக் கூட்டும். மற்றவை காரத் தன்மையைக் கூட்டும். ஆகவே பி.எச். அளவு 7.2 முதல் 7.8 வரை இருக்கிறதா என்று சோதிப்பது அவசியம்.

ஒன்றை மறவாதிருப்போம். ஒரு வகையை மற்றொரு வகையுடன் கலக்கவே கூடாது. மாத்திரையும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் கலந்தால் தீப்பற்றி வெடிக்கவும் கூடும். நீரில்தான் மருந்தை இட வேண்டும். மருந்தின்மேல் நீரை ஊற்றலாகாது.

மூக்கைத் துளைக்கும் நெடி தூய்மையின் அடையாளம் என்று பலர் எண்ணுவர். உண்மையில் அது, வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமீன்களின் நெடியே! எனவே நன்றாகக் குளித்துவிட்டே குளத்தில் இறங்குவோம். எந்தக் குளோரினும் நமக்குப் பதிலாக அக்கடமையைச் செய்யாது.