தைலமரமா? இலையை விட்டுட்டுக் கீழே பாரு

பாப்பா, காலேஜ் ஹெர்பேரியத்துக்குக் கச்சிராயபாளையம் வழியா கல்வராயன் மலை ஏறப்போறேன்னு சொன்னியே. கள்ளக்குறிச்சி பக்கம் தோப்புல நிக்கிற தைலமரத்தைப் பார்த்து 'ஊட்டி மரம்'னு எழுதிடாதே. 1843-ல நீலகிரிக்கு வந்தது குளிர்ல வளர்ற வேற இனம். நம்ம வெயில்ல நிக்கிறது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவோட உள்நாட்டு ஆத்தங்கரை மரமான யூகலிப்டஸ் கமால்டுலென்சிஸ், இல்லன்னா அதுக்கு நெருங்கின டெரெட்டிகார்னிஸ்.

இலையை மட்டும் நம்பவே நம்பாதே. வெட்டின கட்டையிலேர்ந்து துளிர்க்கிற இலை அகலமா இருக்கும். வளர்ந்த மரத்து இலையோ அரிவாள் மாதிரி வளைஞ்சு தொங்கும். ரெண்டும் ஒரே மரம்னு சொன்னா நம்ப முடியாது. கத்திச் சவுக்கு இலையும் கிட்டத்தட்ட இப்படியேதான் வளைஞ்சிருக்கும். கசக்கிப் பாரு, தைல வாசனை வராது. நீளவாட்டுல நரம்பு ஓடும், காய் காது மடல் போல சுருண்டிருக்கும்.

அதனால மரத்தடியில குனிஞ்சு காய் பொறுக்கு. ஊட்டி மரத்துக் காய் பெருசு, சொரசொரப்பு, ஒத்தையா இருக்கும். நம்மளுது மிளகைவிடக் கொஞ்சம்தான் பெருசு. காம்போட ஏழு, எட்டுன்னு கொத்தா வரும். வாயில நாலு பல் வெளியே நீட்டிக்கிட்டிருக்கும். மொட்டு கிடைச்சா மூடியைப் பாரு. மூடி முனையில சின்ன மூக்கு நீண்டிருந்தா கமால்டுலென்சிஸ். மூடி முழுக்கக் கொம்பு போல நீளமா இருந்தா டெரெட்டிகார்னிஸ். வெள்ளைத் தாள்ல காயைத் தட்டு: விதை மஞ்சளா விழுந்தா முதலாவது, கருப்பா விழுந்தா ரெண்டாவது. கூட விழற பொடி வெறும் உமி, அதைக் கணக்குல சேர்க்காதே. தோப்புல கலப்பினமும் நிறைய. ரெண்டுக்கும் நடுவுல தெரிஞ்சா 'கலப்பு'ன்னு எழுது, ஏதோ ஒரு பேர்ல அடைக்காதே.

லேபிள்ல 'நட்டது'ன்னு மறக்காம போடு. சொந்த ஊர்ல கமால்டுலென்சிஸ் மர்ரே, டார்லிங் ஆத்துக் கரையிலயும் பாலைவனத்து வறண்ட ஓடையிலயும் நிக்கிற மரம். வெள்ளம் வடிஞ்ச ஈரத்துல கன்னு முளைக்கும், வேர் அடித்தண்ணியைத் தேடிப் போகும். இங்க செம்மண்ல வரிசையா நிக்குதுன்னா காகிதக் கூழுக்கு நட்டிருப்பாங்க. அதை மலைக்காட்டு மரமா பதிவு பண்றது பெரிய தப்பு.

காயை இலையோட சேர்த்து அழுத்தாதே. தனிக் காகித உறையில போட்டு, இலைக்குப் போட்ட அதே நம்பரை எழுது. அப்புறம், பெரிய மரத்துக்குக் கீழே உக்காந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காதே. காத்தே இல்லாதப்பவும் இந்த மரம் கிளையை உதிர்க்கும்.